பாலைநிலமும் பகுத்துண்ணும் அறமும்: ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவின் வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

மைய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் பிறந்து, அந்நிலத்தையே வாழ்நாள் முழுவதும் நீர்வண்ணத்தில் வரைந்தவர் அரண்டா இன ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா (1902-1959). அவருடைய ஓவியங்கள் ஐரோப்பிய நிலக்காட்சி மரபின் நகல்கள் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. அவ்வோவியங்களும், அவரைச் சிறைத்தண்டனைக்கு உள்ளாக்கிய செயலும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அவ்வேர், வறண்ட நிலம் தன் மக்களுக்குக் கற்பித்த உறவுமுறையும் பகுத்துண்ணும் அறமும் ஆகும். நமட்ஜிராவின் வாழ்க்கை நிகழ்வுகளை நிலத்தோடு இயைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாலைநிலம், அரண்டா மக்கள், நீர்வண்ண ஓவியம், ஹெர்மன்ஸ்பர்க், பகுத்துண்ணல், நிலவுரிமை, திணைக்கோட்பாடு.

முன்னுரை

நிலம் மனிதனின் வாழ்வையும் கலையையும் வடிவமைக்கிறது என்பது தமிழ் ஆய்வாளர்க்குப் புதிய செய்தி அன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடு இதனை இலக்கணமாகவே வகுத்துள்ளது. எனினும் பாலை குறித்து நம் மரபு கொண்டுள்ள பார்வை தனித்தன்மை உடையது. தொல்காப்பியம் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே தமிழ்ப் பாலை ஒரு பருவத்தின் நிலை. மழை பெய்தால் மறைவது. அதனுள் எயினரும் மறவரும் வாழ்ந்தாலும், அகப்பாடல்களின் தலைமக்கள் அதனைக் கடப்பவர்களே ஆவர். பொருள் தேடிச் செல்லும் தலைவனும் உடன்போக்கில் செல்லும் இணையரும் அந்நிலத்தில் தங்குவதில்லை.

என்றும் பாலையாகவே இருக்கும் நிலத்தைக் கடக்காமல், அதனையே தாயகமாகக் கொண்டவர் தம் நிலத்தை எவ்வாறு காண்பர்? இவ்வினாவே நமட்ஜிராவின் வாழ்வை ஆராயத் தூண்டுகிறது. அவரை ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் என்னும் ஒரு தொடரில் அறிமுகப்படுத்திவிட்டுக் கடந்து செல்வது எளிது. ஆயின் அவ்வாழ்வின் நிகழ்ச்சிகளை நிலத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் அவற்றுள் பலவும் பொருளற்றுப் போகும்.

அரண்டா நிலம்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் கிழக்கும் மேற்குமாக நீண்டு கிடப்பது மெக்டோனல் மலைத்தொடர். இங்கு ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 280 மில்லிமீட்டர். இந்த எண்ணை மட்டும் கொண்டு அந்நிலத்தை அறிதல் இயலாது. ஓராண்டில் பெருவெள்ளம் வரும். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு துளியும் இன்றிப் போகும். ஃபிங்க் ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. மலையிடுக்குகளில் மட்டும் ஆழமான மடுக்கள் வற்றாமல் நிற்கின்றன. அவ்வாற்றின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில், சுற்றியுள்ள வறட்சியோடு சற்றும் பொருந்தாத வகையில், பனையினம் ஒன்று இன்றும் உயிர்வாழ்கிறது. பாம் வேலி என வழங்கும் அவ்விடத்தை நமட்ஜிரா பலமுறை வரைந்துள்ளார்.

இத்தகைய நிலத்தில் அறிவு என்பது முதன்மையாக நீர் இருக்கும் இடத்தைப் பற்றிய அறிவே. எந்தப் பாறைக்கு அடியில் ஊற்று உண்டு, எந்த மரத்தின் வேரில் ஈரம் நிற்கும், எந்தத் திங்களில் எந்த விதை முற்றும் என்பவற்றை அறிந்தோரே பிழைத்தனர். அரண்டா மக்கள் இவ்வறிவை எழுத்தில் அன்றிப் பாட்டில் வைத்துப் பாதுகாத்தனர். படைப்புக்கால முன்னோர்கள் நிலத்தின் மீது நடந்து சென்றபோது மலைகளும் மடுக்களும் உருவாயின என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஒவ்வொரு முன்னோரின் வழித்தடத்திற்கும் பாடல்தொடர் உண்டு. ஒவ்வோர் இடத்திற்கும், அதனைப் பாடவும் காக்கவும் உரிமை பெற்ற குடிவழி உண்டு. அவ்வுரிமை தந்தைவழியாலும் தாய்வழியாலும் பிறப்பிடத்தாலும் அமைந்தது. வெளியார் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும் அந்நிலத்தில் உரிமையற்ற ஓர் அடி நிலமும் இல்லை.

இங்கு மற்றொன்றையும் கருதவேண்டும். மழை எங்குப் பெய்யும் என்று அறிய இயலாத நிலத்தில் ஒரு குடி மட்டும் தன் எல்லைக்குள் சேமித்து வாழ இயலாது. இவ்வாண்டு என் மடுவில் நீர் உண்டு. மறு ஆண்டு உன் மடுவில் இருக்கலாம். ஆகவே வேட்டையில் கிடைத்ததை இன்ன உறவினர்க்கு இன்ன பங்கு எனப் பிரித்தளித்தல் கட்டாயமான முறைமை ஆயிற்று. அது கொடுப்பவரின் அருளைச் சார்ந்த ஈகை அன்று, பெறுபவரின் உரிமை. தமிழறத்தில் பகுத்துண்ணல் நல்லோர் மேற்கொள்ளும் நெறியாகப் போற்றப்படுகிறது. அரண்டா வாழ்வில் அது மீற முடியாத கடன். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாவிடின் நமட்ஜிராவின் இறுதி ஆண்டுகளை விளங்கிக்கொள்ள இயலாது.

பிறப்பும் இரு கல்விகளும்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் மேற்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில், ஃபிங்க் ஆற்றங்கரையில் ஜெர்மானிய லுத்தரன் சமயப் பணியாளர்கள் 1877ஆம் ஆண்டு நிறுவிய ஊர் ஹெர்மன்ஸ்பர்க். அங்கு 1902ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் எலியா. தந்தை நமட்ஜிரா, தாய் லுகுட்டா. பெற்றோர் 1905ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றபோது குழந்தைக்கு ஆல்பர்ட் என்னும் பெயர் சூட்டப்பட்டது. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக இணைத்துக்கொள்ளும் வழக்கம் பின்னர் அவர் ஓவியர் ஆனபோதுதான் நிலைபெற்றது.

மிஷன் பள்ளியில் எழுத்தும் விவிலியமும் கற்ற ஆல்பர்ட், பதின்மூன்றாம் அகவையில் அரண்டா முறைப்படியான பருவச் சடங்குகளுக்காக ஊரை விட்டுப் புறநிலத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார். மூத்தோரிடம் முன்னோர் வரலாறுகளையும் அவை நிகழ்ந்த இடங்களையும் அங்குக் கற்றார். பள்ளிக் கல்வியும் புறநிலக் கல்வியும் அவரிடம் மோதியதாகப் பலர் எழுதுவதுண்டு. இக்கட்டுரையாளர்க்கு அது முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. லுத்தரன் சபையின் உறுப்பினராகவும் அரண்டா மூத்தோராகவும் அவர் இறுதிவரை வாழ்ந்தார். மோதல் அவருக்குள் அன்றி, அவரைச் சுற்றியிருந்த சட்டங்களிலேயே இருந்தது.

பதினெட்டாம் அகவையில் குக்காட்ஜா இனத்தைச் சேர்ந்த இல்கலிட்டா என்னும் பெண்ணை மணந்தார். அம்மணம் அரண்டா உறவுமுறை விதிக்கு மாறானது. எனவே இருவரும் ஊரை விட்டு விலகிச் சில ஆண்டுகள் வெளியில் வாழ நேர்ந்தது. 1923ஆம் ஆண்டு குடும்பத்தோடு ஹெர்மன்ஸ்பர்க் திரும்பியபின் இல்கலிட்டா திருமுழுக்குப் பெற்று ரூபினா ஆனார். குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்ந்த பிள்ளைகள் எண்மர்: ஐந்து ஆண், மூன்று பெண்.

வெளியேறிய காலத்திலும் அதன் பின்னரும் ஆல்பர்ட் மேற்கொண்ட தொழில்களுள் ஒட்டகம் ஓட்டுதலும் ஒன்று. ஆஸ்திரேலியப் பாலையின் ஒட்டகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து கப்பலேற்றப்பட்டவை என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 1929ஆம் ஆண்டு இருப்புப்பாதை வரும்வரை, மைய ஆஸ்திரேலியாவின் பொருள் போக்குவரத்துக்கு அவ்விலங்குகளே பெருந்துணை. ஒட்டகத்தின் நடைவேகத்தில் மலைத்தொடரை மீண்டும் மீண்டும் கடந்த ஒருவர்க்கு, காலை ஒளியில் சிவந்தும் உச்சிப்பொழுதில் வெளிறியும் மாலையில் ஊதா நிறமாகவும் மாறும் பாறை முகங்கள் மனத்தில் பதிந்திருத்தல் இயல்பே. இவற்றோடு கொல்லுவேலை, தச்சுவேலை, மாடு மேய்த்தல் ஆகியவற்றையும் செய்தார். மிஷனில் ஊதியம் உணவுப்பங்காகவே வழங்கப்பட்டது. முல்கா மரப்பலகைகளில் சூட்டுக்கோலால் கோடிழுத்து அவர் செய்த அழகுப் பொருள்களை மிஷன் விற்றது. அவருடைய கலைவாழ்வு தொடங்கியது அங்கேதான்.

நீரும் ஓவியமும்

1920களின் பிற்பகுதியில் மைய ஆஸ்திரேலியாவைக் கொடும் வறட்சி பற்றியது. ஹெர்மன்ஸ்பர்க்கில் காய்கறி விளையவில்லை. ஸ்கர்வி நோய் பரவிப் பலர் இறந்தனர், குழந்தைகளே மிகுதி. சில கிலோமீட்டர் தொலைவில் கப்போரில்யா என்னும் வற்றாத ஊற்று இருந்தது. அதிலிருந்து குழாய் அமைத்து நீர் கொணரப் போதகர் எஃப். டபிள்யூ. ஆல்பிரெக்ட் விரும்பினார். பணம் இல்லை. 1933ஆம் ஆண்டு அவ்வூருக்கு வந்த மெல்பர்ன் ஓவியர் வயலெட் டீக், அவர் தங்கை ஊனா டீக் ஆகியோர் இந்நிலையைக் கண்டு, ஓவியங்களைத் திரட்டிக் கண்காட்சி நடத்தி நிதி சேர்த்தனர். 1935ஆம் ஆண்டு குழாய்வழி நீர் ஊரை அடைந்தது. தோட்டங்கள் தளிர்த்தன.

இந்நிகழ்ச்சி நமட்ஜிரா வரலாற்றில் அடிக்குறிப்பாகவே பெரிதும் இடம்பெறுகிறது. இக்கட்டுரை அதற்கு மேலும் இடமளிக்க விரும்புகிறது. முப்பது அகவையைக் கடந்த ஆல்பர்ட், ஓவியம் விற்ற பணம் தம் ஊருக்கு நீராக வந்ததைக் கண்ணால் கண்டவர். கலை என்பது செல்வர் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருள் மட்டுமன்று, உறவினரை வாழவைக்கும் வழி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அவர்க்கு வேண்டியிருந்திராது. பிற்காலத்தில் தம் ஓவிய வருவாயைச் சுற்றத்தார்க்கு அவர் செலவிட்ட முறையை இதனோடு இணைத்தே காணவேண்டும்.

அதே காலத்தில் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்னும் விக்டோரிய ஓவியர் இருவர் பாலைநிலத்தை வரைய வந்தனர். பாட்டர்பீ முதல் உலகப்போரில் படுகாயமுற்று ஒரு கையின் செயல்வன்மையை இழந்தவர். 1934ஆம் ஆண்டு அவ்விருவரும் தம் நீர்வண்ண ஓவியங்களை மிஷனிலேயே காட்சிக்கு வைத்தனர். தாம் அறிந்த மலைகளும் மரங்களும் தாளில் நிற்பதை அரண்டா மக்கள் திரண்டு வந்து கண்டனர். தாமும் அவ்வாறு வரைய இயலும் என ஆல்பர்ட் கருதினார். 1936ஆம் ஆண்டு பாட்டர்பீ மீண்டும் வந்தபோது, இரண்டு திங்கள் அவர்க்கு ஒட்டகமோட்டியாகவும் வழிகாட்டியாகவும் பணியாற்றி, மாற்றாக வண்ணம் தீட்டும் பயிற்சியைப் பெற்றார். பாம் வேலியிலும் மெக்டோனல் மலைகளிலும் நிகழ்ந்த அப்பயணங்களே அவர் பெற்ற முறையான ஓவியக் கல்வி.

அக்கொடுக்கல் வாங்கலை ஆசிரியர் மாணவர் உறவு என மட்டும் கூறுதல் முழுமை ஆகாது. வண்ணங்களைக் கலக்கும் முறையை ஒருவர் கற்பித்தார். எங்கு நின்று பார்த்தால் எந்த மலை தன் முகத்தைக் காட்டும் என்பதை மற்றவர் அறிந்திருந்தார். சில கிழமைகளில் மாணவர் கைவரப்பெற்ற திறன் ஆசிரியரை வியப்பில் ஆழ்த்தியது. 1937ஆம் ஆண்டு அடிலெய்டில் நடந்த தம் கண்காட்சியில் நமட்ஜிராவின் ஓவியங்கள் மூன்றினைப் பாட்டர்பீ சேர்த்து வைத்தார். அடுத்த ஆண்டே மெல்பர்னில் நமட்ஜிராவின் தனிக் கண்காட்சி நடைபெற்றது. வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன. 1939ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அவருடைய ஓவியம் ஒன்றை விலைக்கு வாங்கியது.

ஓவியங்களில் நிலம்

நமட்ஜிரா தம் வாழ்நாளில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஓவியங்கள் வரைந்தார். அவற்றின் பொதுவமைப்பு எளிதில் அடையாளம் காணத்தக்கது. முன்புறத்தில் ஒரு பக்கமாக, கோஸ்ட் கம் என வழங்கும் வெண்பட்டை யூக்கலிப்டஸ் மரம் நிற்கும். நடுவில் காய்ந்த புல்லும் புதரும் பரந்த சமவெளி. தொலைவில் நீலமும் ஊதாவுமாக மலை. மனிதர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தெற்குக் கடற்கரை நகரங்களில் வாழ்ந்த ஐரோப்பிய வழியினர்க்கு ஆஸ்திரேலிய நடுநிலத்தின் நிறங்களை முதன்முதலில் காட்டியவை பெரிதும் இவ்வோவியங்களே. ஈரப்பதம் குறைந்த காற்றின் தெளிவும், இரும்புத் துரு ஏறிய பாறையின் செம்மையும் அறியாதோர்க்கு அந்நிறங்கள் மிகையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பொதுமக்கள் விரும்பி வாங்கிய அதே ஓவியங்களைக் கலை நிறுவனங்கள் பல ஐயத்தோடு நோக்கின. ஐரோப்பிய நிலக்காட்சி முறையைப் பழங்குடி ஒருவர் திறம்படப் பின்பற்றுகிறார் என்பதே அன்றைய மதிப்பீட்டின் சாரம். ஒரு சாரார் அதனைப் பாராட்டாகக் கூறினர். மற்றொரு சாரார் தம் மரபை இழந்தவர் என்னும் குறையாகக் கூறினர். இரு சாராரும் ஒரே இடத்தில் வழுவினர் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஓவியம் எவ்வாறு வரையப்பட்டது என்பதை நோக்கிய அவர்கள், எது வரையப்பட்டது என்பதை நோக்கவில்லை.

நமட்ஜிரா அழகிய காட்சி தேடி அலைந்தவர் அல்லர். தந்தைவழியாகவும் தாய்வழியாகவும் தமக்கு உறவுடைய இடங்களையே அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். ஒரே மலையைப் பல ஆண்டுகளாகப் பல கோணங்களில் தீட்டினார். சோண்டர் மலை, ஹாஸ்ட்ஸ் பிளஃப், கிளென் ஹெலன் மலையிடுக்கு என அவர் ஓவியத் தலைப்புகள் பலவும் இடப்பெயர்களாகவே அமைந்தன. அரண்டா மரபில் ஓர் இடத்தின் பெயரைச் சொல்வது, அதன் முன்னோரையும் பாடலையும் உரிமையுடையோரையும் ஒருங்கே சுட்டுவது ஆகும். வெண்பட்டை மரம் ஐரோப்பியக் கண்ணுக்குக் காட்சியின் சட்டகம். ஆயின் அவர் வரைந்த மரங்கள், தண்டின் முடிச்சும் கிளையின் முறிவும் தோன்ற, தனி ஆள்களைப்போல் நிற்பதைக் காணலாம். தொலைவிலுள்ள மலையும் மங்கலாகக் கரைவதில்லை. அதன் ஒவ்வொரு பிளவும் தெளிவாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அருகில் உள்ளது முதன்மையானது, தொலைவில் உள்ளது பின்னணி என்னும் படிநிலை அவர் ஓவியங்களில் தளர்ந்துவிடுகிறது.

திணைக்கோட்பாடு பயின்றவர்க்கு இது ஒருவாறு விளங்கும். சங்கப் பாடலில் வரும் மரமும் பறவையும் அலங்காரம் அல்ல. அவை கருப்பொருளாக நின்று உரிப்பொருளை உணர்த்துவன. எனினும் இவ்வொப்புமையை அளவுக்குமேல் நீட்டுதல் தகாது. திணை பல புலவர்க்கும் பொதுவான இலக்கிய வழக்கு. எந்தப் புலவரும் எந்தத் திணையையும் பாடலாம். அரண்டா நிலத்திலோ உரிமை இல்லாதவர் ஓரிடத்தைப் பாடுதலும் வரைதலும் குற்றம். சடங்குக்குரிய புனித வடிவங்கள் வெளியார் பார்வைக்கு மறைக்கப்பட வேண்டியவை. நீர்வண்ண நிலக்காட்சி அவர்க்கு ஒரு வாய்ப்பாக அமைந்தது. மறையை வெளிப்படுத்தாமலே இடத்தைக் காட்ட அது உதவியது. வாங்கியவர்கள் மலையைக் கண்டனர். அவருடைய சுற்றத்தார் அதில் கண்டது அம்மலை மட்டுமன்று.

புகழும் நிலமின்மையும்

இரண்டாம் உலகப்போரின்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் படைத்தளமாக மாறியது. படைவீரர் பலர் அரண்டா ஓவியங்களை வாங்கினர். 1944ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பெருமக்கள் பெயரடைவில் நமட்ஜிரா பெயர் ஏறியது. 1953ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசியின் முடிசூட்டுப் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டு கான்பெராவில் அரசியையே சந்தித்தார். வில்லியம் டார்கி தீட்டிய நமட்ஜிராவின் உருவப்படம் 1956ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்ட் பரிசைப் பெற்றது. அவர் மைந்தர்களும், எட்வின், ஓட்டோ, ரூபன் என்னும் பரெரூல்ட்ஜா உடன்பிறப்புகளும் தூரிகை ஏந்தியதால் ஹெர்மன்ஸ்பர்க் ஓவியப் பள்ளி என ஒன்று உருவாயிற்று.

இவ்வளவு புகழ்பெற்ற ஒருவர், தாம் வரைந்த நிலத்தில் ஒரு துண்டையும் சட்டப்படி உடைமையாகக் கொள்ள இயலவில்லை. கால்நடைப் பண்ணை அமைக்க அவர் 1949-50ஆம் ஆண்டுகளில் குத்தகை உரிமை கேட்டார், கிடைக்கவில்லை. 1951ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு கட்டிக்கொள்ள முயன்றார். பழங்குடியினர் என்பதால் அதுவும் தடுக்கப்பட்டது. அவருடைய வருவாய்க்கு வரி விதித்த அரசு, அவ்வருவாய் கொண்டு வீடு கட்ட இடந்தரவில்லை. நகர எல்லைக்கு வெளியே, மோரிஸ் சோக் என்னும் வறண்ட ஓடைப்பகுதியில் எளிய குடியிருப்பில் அவரும் சுற்றத்தாரும் வாழ்ந்தனர்.

வருவாய் பெருகப் பெருகச் சுற்றமும் பெருகியது. உணவு, உடை, வண்டி எனக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். இதனைப் பணத்தை ஆளத் தெரியாத பேதைமை என அக்கால எழுத்துகள் சில சித்திரித்தன. வேட்டைக்காரன் கொணர்ந்த இறைச்சியில் உறவினர்க்குப் பங்கு உண்டு என்னும் முறைமையை ஓவியம் விற்ற பணத்திற்கும் அவர் பொருத்தினார், அவ்வளவே. ஓவியத்தில் உள்ள இடம் தனியொருவர்க்கு உரியது அன்று. அதனால் வந்த பொருள் மட்டும் எவ்வாறு தனியொருவர்க்கு உரியதாகும்?

குடியுரிமையும் குற்றமும்

வடக்குப் பிரதேச அரசின் 1953ஆம் ஆண்டு நலச்சட்டம், அங்குள்ள முழுப்பழங்குடியினர் ஏறத்தாழ அனைவரையும் அரசின் காப்பில் உள்ளோர் எனப் பதிவேட்டில் சேர்க்க வழிசெய்தது. பதிவேட்டில் உள்ளவர்க்கு வாக்குரிமை இல்லை. மது அருந்தும் உரிமை இல்லை. விரும்பிய இடத்தில் வாழவும் மணக்கவும் இசைவு வேண்டும். 1957ஆம் ஆண்டு வெளியான அப்பதிவேட்டில் நமட்ஜிரா, ரூபினா ஆகிய இருவர் பெயரும் விடப்பட்டன. அதனால் அவர்கள் முழுக்குடியுரிமை பெற்றனர். செய்தித்தாள்கள் இதனைப் பெருஞ்சிறப்பாகக் கொண்டாடின.

ஆனால் அவர்தம் மக்களும் உறவினரும் பதிவேட்டிலேயே இருந்தனர். குடியுரிமை பெற்றவர் மது வாங்கலாம். அதனைப் பதிவேட்டில் உள்ள உறவினர்க்குக் கொடுத்தால் குற்றம். கொடாமல் தனித்து அருந்தினால் அரண்டா முறைமைக்குக் குற்றம். ஒருவரை அவர் சுற்றத்திலிருந்து வெட்டியெடுத்து அதற்கு உரிமை எனப் பெயரிட்டது சட்டம். பாலைநிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கற்பித்ததை ஓர் அரசிதழ் அறிவிப்பால் மறக்கச் சொல்வதற்கு ஒப்பானது இது.

1958ஆம் ஆண்டு மோரிஸ் சோக் குடியிருப்பில் ஒரு பெண் கொலையுண்டார். அதனைத் தொடர்ந்த நடவடிக்கைகளின்போது, உடன் ஓவியர் ஒருவர்க்கு மது கொடுத்தார் என நமட்ஜிரா மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆறு திங்கள் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றம் தண்டனையை மூன்று திங்களாகக் குறைத்தது. அந்நாட்டில் அதற்கும் மேலான அமைப்பாகிய உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் வடமேற்கே உள்ள பாப்புன்யா குடியேற்றத்தில் இரண்டு திங்கள் அடைபட்டு 1959ஆம் ஆண்டு விடுதலையானார்.

விடுதலைக்குப்பின் அவர் உள்ளம் சோர்ந்திருந்தது. தூரிகையில் பழைய நாட்டம் இல்லை. சில திங்களே வாழ்ந்தார். 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் இதயநோயால் உயிர்நீத்தார். அகவை 57. லுத்தரன் முறைப்படி அந்நகரக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவுக்குப் பின்

அவர் தண்டனைக் காலத்தைக் கழித்த பாப்புன்யாவில், 1971ஆம் ஆண்டு அவ்வூர் மூத்தோர் சிலர் சடங்கு வடிவங்களை அடியொற்றிப் பலகையிலும் துணியிலும் வரையத் தொடங்கினர். மறுஆண்டு பாப்புன்யா தூலா என்னும் ஓவியர் நிறுவனம் உருவாயிற்று. புள்ளிகளும் வட்டங்களும் கொண்ட அவ்வோவியங்கள் உலகக் கலைக்கூடங்களில் இடம்பெற்றபோது, அவையே உண்மையான பாலைநிலக் கலை என்றும் நமட்ஜிராவினது கடன்பெற்ற கலை என்றும் ஒரு பாகுபாடு சில காலம் வலுப்பெற்றது. பின்வந்த ஆய்வுகள் அப்பாகுபாட்டைத் தளர்த்தின. இரு மரபினரும் உரிமையுடைய இடத்தையே வரைந்தனர். இரு மரபினரும் மறையைக் காத்தனர். முன்னவர் அதனை மலையின் தோற்றத்திற்குள் வைத்தார். பின்னவர் புள்ளிகளுக்குள் வைத்தனர்.

1976ஆம் ஆண்டு வடக்குப் பிரதேசப் பழங்குடியினர் நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் நிலம் 1982ஆம் ஆண்டு அரண்டா மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நமட்ஜிரா கேட்டுப் பெறாத உரிமை, அவர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருடைய ஊரார்க்குக் கிடைத்தது.

ஓவியங்களின் பதிப்புரிமை வேறு வழியில் சென்றது. 1957ஆம் ஆண்டு ஒரு பதிப்பகத்தோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை, படிகளின் விற்பனையில் ஒரு பங்கை அவர்க்கு வழங்கியது. 1983ஆம் ஆண்டு, அவர் சொத்தை நிருவகித்த அரசு அறங்காவலர், எஞ்சிய உரிமையையும் 8,500 டாலருக்கு அப்பதிப்பகத்திற்கே விற்றார். குடும்பத்தார் இசைவு பெறப்படவில்லை. நாட்காட்டியிலும் அஞ்சலட்டையிலும் தாத்தாவின் மலைகள் அச்சாகியபோது, பேரப்பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லை. நெடிய போராட்டத்திற்குப் பின், 2017ஆம் ஆண்டு அவ்வுரிமை வழித்தோன்றல்களின் அறக்கட்டளையிடம் மீண்டும் வந்தது. தனியொருவரிடம் அன்றி அறக்கட்டளையிடம் அது சேர்ந்தது, பங்கிட்டு வாழ்ந்தவரின் குடும்பத்திற்குப் பொருத்தமானதே.

2020ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்ட் பரிசு வின்சென்ட் நமட்ஜிராவுக்கு வழங்கப்பட்டது. அவர் ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரர். அப்பரிசை வென்ற முதல் பழங்குடி ஓவியர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள இல்ட்ஜா என்ட்ஜாரா கலைக்கூடத்தில் ஹெர்மன்ஸ்பர்க் ஓவியரின் வழியினர் இன்றும் நீர்வண்ணத்தில் மெக்டோனல் மலைகளை வரைந்து வருகின்றனர். அக்கூடத்தின் அரண்டாப் பெயர்க்குப் பல கைகள் என்று பொருள்.